இதயத் துடிப்பு நிபுணர்களுக்குக் கற்றுத்தருபவர்கள் யார்?

இதயத் துடிப்பு பிசகிய நோயாளியை ஊட்டியிலிருந்து கோவைக்கு அனுப்பும்போது "இதய மின்னியல் நிபுணரைப் பாருங்கள்" என்கிறார்களே, அவருக்குக் கற்றுத்தருவது யார் என்பது கேள்வி.

இதயம் தன் மின்துடிப்பைத் தானே உண்டாக்குகிறது; ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. அந்த மின்பாதை பிசகினால் சரிசெய்பவரே இந்த நிபுணர். இதயநோய் மேற்படிப்பு முடித்தவரை மூத்த மருத்துவர் ஒருவர் மேலும் ஓரிரு ஆண்டுகள் அருகில் வைத்துப் பழக்குகிறார். புத்தகம் போதாதா? நிச்சயமாகப் போதாது. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செல்லும் மெல்லிய கம்பியை எவ்வளவு அழுத்தலாம் என்பதை விரல்கள்தான் கற்க வேண்டும். பிசகிய மின்பாதையை அந்தக் கம்பியின் நுனிச் சூட்டால் கருக்குவார்கள்; சில மில்லிமீட்டர் தவறினால் நல்ல மின்பாதையும் கருகிவிடலாம்.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், "இரண்டாம் கியரிலேயே இறக்கு" என்று பக்கத்திலிருந்து சொல்லும் மூத்த ஓட்டுநரைப் போன்றவர் அந்த மூத்த மருத்துவர்.

கற்பிக்கும் மருத்துவமனையில் மாணவரே தனியாகச் சிகிச்சை செய்துவிடுவார் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை, மூத்தவர் உடனிருக்கிறார், பொறுப்பும் அவருடையதே.