அம்மாவின் செயற்கை மூட்டுக்கு எண்ணெய்ப் பசை எங்கிருந்து வரும்?

சகோதரி, சாட்ஸ்வர்த்தில் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி 6 மாதம் ஆகிறது, உள்ளே பசையில்லாமல் தேய்ந்துவிடுமோ, ஜெல் ஊசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். அறுவைக்குப் பிறகும் உடம்பு மூட்டுக்குள் நீர் சுரக்கும். அதிலுள்ள அல்புமின், குளோபுலின் புரதங்கள் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். முட்டை வெள்ளை பட்ட கிண்ணத்தை வெறும் தண்ணீரில் அலசிப் பாருங்கள், வழுவழுப்பு லேசில் போகாது, கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால்தான் ஆய்வகங்களில் செயற்கை மூட்டைத் தண்ணீரில் அல்ல, இதே மாதிரிப் புரதங்கள் உள்ள கன்றுக்குட்டிச் சீரத்தில் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) வைத்து 50 லட்சம் முறை அசைத்துப் பார்க்கிறார்கள். அப்புறம், மாற்றிய மூட்டில் 'டக்' என்ற சத்தம் பலருக்கும் வருவதுதான். வலி, வீக்கம், காய்ச்சல் சேர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஜெல் ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம். அது சொந்த மூட்டு உள்ளவர்களுக்கானது, இங்கே கிருமி புக வழியாகிவிடும்.