காய்ச்சல் போய் 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது ஏன்?

இதை ஓய்வுநிலை முடி உதிர்வு என்பார்கள். ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளரும், அப்புறம் சுமார் 3 மாதம் வேரில் சும்மா இருந்துவிட்டு விழும். தென்னை மட்டை மாதிரி ஒவ்வொன்றாக, முறை வைத்து விழுவதால் தினமும் 50–100 போனாலும் நமக்குத் தெரிவதில்லை. கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி டயட் என்று உடம்பு ஆட்டம் கண்டால் ஏகப்பட்ட முடிகள் ஒரே சமயத்தில் வளர்வதை நிறுத்திவிடும். ஓய்வுக் காலம் முடிந்ததும் வாதுமை மரம் இலை உதிர்ப்பது போல மொத்தமாகக் கொட்டும். அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம், பழி ஷாம்பு மேல் விழும்! வேர் சாகவில்லை, பெரும்பாலும் 6 மாதத்தில் அடங்கிவிடும். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு கதை, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா? கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே இருக்கும் உயிரில்லாத இழையைத்தான், வேர்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும்.