இணையதள அசைவூட்டம்: ஜிஃப், லாட்டி, காணொளி – எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம். முகப்பில் சின்னம் சுழன்று நிற்க வேண்டும். எங்கள் கருவி இயங்கும் விதத்தையும் 10 விநாடிகளில் காட்ட வேண்டும். ஒருவர் இரண்டுக்கும் ஜிஃப் போதும் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் லாட்டியில் செய்யப் பெருந்தொகை கேட்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரும் தத்தமக்குக் கைவந்ததைப் பரிந்துரைக்கிறார்கள். வரைந்த உருவம் அசைவது வேறு, படம்பிடித்த காட்சி ஓடுவது வேறு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சின்னம் வரைந்த உருவம் என்பதால் அது எஸ்.வி.ஜி. என்னும் கோடுவடிவக் கோப்பாக இருக்கட்டும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. சுழல்வதற்கும் மெல்லத் தோன்றி மறைவதற்கும் உலாவிக்கு நேரடியாகப் புரியும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சி.எஸ்.எஸ். போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் அசைவூட்ட மென்பொருளில் செய்த நுணுக்கமான சித்திர அசைவுகளைச் செயலிகளிலும் தளங்களிலும் இயக்க உதவும், ஏர்பிஎன்பி நிறுவனம் 2017இல் வெளியிட்ட லாட்டி நல்ல தொழில்நுட்பம்தான்; ஆனால் அதை இயக்கும் நிரலையும் பார்வையாளரின் கைப்பேசி பதிவிறக்க வேண்டும். ஒரு சின்னம் சுழல்வதற்கு அது வீண் சுமை.

கருவியைக் கேமராவில் எடுத்திருந்தால் எம்.பி.4 காணொளியாகவே வையுங்கள். 1987இல் பிறந்த ஜிஃப் ஒரு சட்டகத்தில் (அசைவின் ஒரு தனிப்படத்தில்) 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. உலோகப் பளபளப்பு புள்ளி புள்ளியாகச் சிதறும், கோப்பின் அளவும் காணொளியைப் போலப் பல மடங்காகும். காணொளி தானாக ஓட ஒலி அடக்கப்பட்டிருக்க வேண்டும்; ஐபோனில் முழுத்திரைக்குத் தாவாதபடி பக்கத்துக்குள்ளேயே ஓடுமாறும் குறிப்பிட வேண்டும். உலாவிக்கு ஒரு சட்டம் என்றிருக்கும் இந்த நிலையை நினைத்து நான் சலித்துக்கொள்ளாத நாளில்லை. தானாகத் தொடங்கி 5 விநாடிகளுக்கு மேல் அசைவதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல்தன்மை நெறிமுறை, எனவே நிறுத்தும் பொத்தானையும் கேளுங்கள்.

ஜிஃபுக்கு இன்றும் உரிய இடம் மின்னஞ்சல். அங்கே பெரும்பாலான செயலிகள் காணொளியை உள்ளேயே ஓட்டுவதில்லை. ஆனால் விண்டோஸ் கணினிகளில் இருந்த பழைய அவுட்லுக் பதிப்புகள் பல, ஜிஃபின் முதல் சட்டகத்தை மட்டும் அசையாத படமாகக் காட்டும். வெற்றுப் பின்னணியில் தொடங்கிக் கடைசியில்தான் செய்தி வருமாறு வடிவமைத்தால், அவற்றைப் பயன்படுத்துவோருக்குப் போவது வெறும் வெள்ளைக் கட்டம். ஆகவே சொல்ல வேண்டிய செய்தி முதல் சட்டகத்திலேயே முழுமையாக இருக்கட்டும்.

தொழில்நுட்பத்தைவிட எனக்குக் கவலை தருபவர்கள், வேலையை வாங்கி வேறொருவரிடம் செய்வித்து, முடிந்த கோப்பை மட்டும் உங்களிடம் நீட்டும் இடைத்தரகர்கள். முன்பு தளங்களில் அசைவூட்டத்தை ஓட்டிய ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தபோது, திருத்தக்கூடிய மூலக்கோப்பு கையில் இல்லாதவர்கள் அதே அசைவூட்டத்தை முதலிலிருந்து வரையக் காசு கொடுக்க நேர்ந்தது. லாட்டியிலும் இதே சிக்கல்தான்: தளத்தில் ஓடுவது அசைவைத் தரவாக எழுதிய ஜேசன் கோப்பு; வசதியாகத் திருத்தக்கூடியதோ ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கோப்பு. "அது எங்கள் சொத்து" என்று இடைத்தரகர்கள் பிறகு சொல்வார்கள். மூலக்கோப்பு, எழுத்துருக்கள், பயன்படுத்திய படங்களின் உரிமம் ஆகியவற்றை ஒப்படைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அவை உங்கள் கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.