நிலாவுக்குப் பக்கத்தில் எந்தப் பெயர்?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. நிலா என்று பெயர் முடிவாகிவிட்டது, அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டே எழுத்தில் முடிந்துவிடுகிறதே என்று நடுவில் இன்னொரு பெயர் சேர்க்க நினைக்கிறோம். கடைசியில் அவள் அப்பா பெயர், குமரன், வரும். கணவருக்கு லாவண்யா பிடித்திருக்கிறது. நாத்தனார் மதிவதனி என்கிறார். எனக்கு இளவேனில் மேல் ஆசை. போன வருடம் தவறிப்போன என் அம்மாவின் பெயர் தெய்வநாயகி. எல்லாரும் அவரை நாயகி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைக்க மனசு கிடந்து தவிக்கிறது, ஆனால் நீளம், பழைய பெயர் வேறு, பிள்ளை வளர்ந்ததும் கோபித்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. எதை வைக்கலாம்?

பதில்: மற்ற மூன்று பெயருக்கும் ஆளுக்கொரு வரியோடு முடித்துக்கொண்ட நீங்கள், அம்மா பெயர் வந்ததும் நிறுத்த முடியாமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைத்தான் வைக்கச் சொல்லப் போகிறேன். உங்கள் மனசுக்காக மட்டும் இல்லை, காதுக்கும் அதுதான் பொருந்துகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நிலா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நி குறில், ஒரு மாத்திரை. லா நெடில், இரண்டு மாத்திரை. குறிலும் நெடிலும் இப்படிச் சேர்ந்து வந்தால் யாப்பில் அது ஒரே அசை, நிரையசை. எழுத்து இரண்டு இருந்தாலும் ஒரே வீச்சில் முடிந்துவிடுகிறது, அதுவும் வாய் திறந்தபடியே. அதனால் அடுத்த பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

லாவண்யா நல்ல பெயர்தான், ஆனால் நிலாவுக்குப் பக்கத்தில் வேண்டாம். கொஞ்சம் வேகமாகச் சொல்லுங்கள், இரண்டு லா-வில் ஒன்று காணாமல் போய் ‘நிலாவண்யா’ என்று வந்து நிற்கும். நீங்கள் ஆசையாக வைத்த நிலா அதற்குள் கரைந்துவிடும். இளவேனிலில் சிக்கல் வேறு மாதிரி. ஆ-வில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் நாக்கு தானாகவே நடுவில் ஒரு வ் போட்டுக்கொள்ளும், உடம்படுமெய் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். நிலாவிளவேனில். கவிதை வரியாக எழுதினால் எனக்கே பிடிக்கும், ஆனால் ஒரு கூட்டத்தில் யாரோ இதைப் படித்துக் கூப்பிட்டால் கேட்பவருக்கு முதல் பெயர் எங்கே முடிந்தது என்றே தெரியாது. அதை இன்னொரு பிள்ளைக்கு முதல் பெயராக எடுத்து வையுங்கள். மதிவதனியைப் பொறுத்தவரை, மதி என்றாலும் நிலாதான். நிலா, நிலா முகத்தாள் என்று ஒரே பொருளை இரண்டு தடவை சொல்வது போல் ஆகிவிடும். சந்திரிகா, இந்து, பிறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான், நாத்தனாரிடம் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டார்.

இப்போது உங்கள் அம்மா பெயர். தெய்-வநா-யகி, மூன்று அசை. ஒரே அசையில் முடிகிற பெயருக்குப் பின்னால் மூன்றசைப் பெயர் வரும்போது ஒரு நடை கிடைக்கிறது. குட்டிப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிப் பெயர், நிலா மீனா என்கிற மாதிரி வந்தால், அடுக்குச் சொல் போலத்தான் கேட்கும். அப்புறம், தெ-வில் நாக்கு போய்ப் பல்லைத் தொடுகிறது இல்லையா, அந்த இடத்தில் நிலா சுத்தமாக முடிந்துவிடுகிறது. குமரனும் வல்லினத்தில் தொடங்குவதால் மூன்றும் ஒன்றையொன்று தின்னாமல் தனித்தனியாக நிற்கின்றன. நிலா தெய்வநாயகி குமரன். நான் நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு இடத்தில்கூட இடறவில்லை.

நீளத்துக்குப் பயந்து நாயகி என்று மட்டும் வைக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். ‘நிலா நாயகி’ என்றால் நிலாவின் நாயகி என்று ஏதோ பட்டம் போல் ஆகிவிடும், அம்மா அதில் இருக்க மாட்டார்.

பழைய பெயர் என்ற பயத்தையும் விடுங்கள். கூப்பிடத்தான் நிலா இருக்கிறதே. நடுப்பெயரைச் சொல்லி நாள் முழுதும் யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. ஏழெட்டு வயதில் தன் முழுப்பெயரை எழுதக் கற்றுக்கொள்ளும்போது இது யார் பெயர் என்று கேட்பாள், அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி அவளுக்குச் சொல்லலாம்.

ஆவணங்களில் இடம் போதுமா என்றால், தாராளமாகப் போதும். பாஸ்போர்ட் புத்தகத்தின் தகவல் பக்கத்தில் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 எழுத்து. மேல் வரியில் பெயருக்கு 39 இடம். ஆங்கில எழுத்தில் நிலா 4, தெய்வநாயகி வழக்கமாக எழுதுகிறபடி 11 அல்லது 12, குமரன் 7, நடுவில் வரும் குறிகளோடு 26-ஐத் தாண்டாது. ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அம்மாவின் பழைய சான்றிதழ் எதையாவது எடுத்துப் பாருங்கள், அவர் எப்படி எழுதினாரோ அப்படியே வைத்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். என் அண்ணன் மகளுக்கும் இப்படி இரண்டு பெயர். விமான டிக்கெட்டில் இரண்டும் ஒட்டியே வரும், பல டிக்கெட்டுகளில் அப்படித்தான் அச்சாகும், அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஆனால் அவள் பிறப்புச் சான்றிதழிலேயே இடைவெளி விட்டுப்போய் இரண்டும் ஒரே சொல்லாகப் பதிவாகிவிட்டது, அதைப் பிரிக்க அண்ணனும் அண்ணியும் பல மாதம் அலைந்தார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் நிலாவுக்கும் தெய்வநாயகிக்கும் நடுவே ஒரு எழுத்து அளவுக்கு இடம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.