லால்பாக், கப்பன் பூங்கா: இரண்டும் பூங்காதானே, என்ன வித்தியாசம்?

மொரிஷியஸிலிருந்து பெங்களூர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது: கப்பன் பூங்காவில் சும்மா நுழையலாம், லால்பாகுக்கு மட்டும் டிக்கெட்; அப்படி என்ன வித்தியாசம்?

கப்பன் பூங்கா ஊர் மக்கள் காற்று வாங்க 1870-இல் அமைத்தது. லால்பாக் தாவரவியல் பூங்கா. அதாவது, பல ஊர்ச் செடிகளைக் கொண்டுவந்து, பெயரிட்டு, வளர்த்து, கவனித்துப் பார்க்கும் இடம். அஞ்சறைப்பெட்டி மாதிரி: எது எங்கே இருக்கிறது என்று தெரியும், வேண்டியபோது எடுக்கலாம்.

ஏன் அப்படி ஓர் இடம்? வெளியூர்ச் செடி நம் மண்ணில் பிழைக்குமா என்பதை நட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொரிஷியஸில் இருக்கும் நம்ம பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டத்தின் கதையும் இதுதான். 1770 வாக்கில் பிரெஞ்சு நிர்வாகி பியர் புவாவ்ர் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளை அங்கே வளர்க்க முயன்றது டச்சுக்காரர்களின் வாசனைப் பொருள் ஏகபோகத்தை உடைக்கத்தான். வெறும் அழகுக்காக யாரும் அவ்வளவு பாடுபடவில்லை!

லால்பாகைத் தொடங்கியவர் மைசூரை ஆண்ட ஹைதர் அலி, 1760-இல். மகன் திப்பு வெளிநாடுகளிலிருந்தும் செடிகள் வரவழைத்தார். அதில் நம் தீவும் உண்டு. அவருடைய மர அரண்மனையும் அதே ஊரில் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். லால்பாகில் இருக்கும் கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

அப்புறம், லால்பாக் ஆண்டு முழுதும் மலர்க்காட்சியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி மட்டுமே. மற்ற நாட்களில் மரங்களைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.