கழி வேறு, கால்வாய் வேறு

கேள்வி: எண்ணூர் கழி, எண்ணூர் கழி என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அங்கே ஓடுவது பக்கிங்காம் கால்வாய்தானே? கால்வாய் ஓரத்து உவர் நிலத்தில் ஆலை வருவதால் யாருக்கு என்ன நஷ்டம்?
– வாசகர், மணலி புதுநகர்

பதில்: கால்வாய்க்கு வயது இருநூறு சொச்சம். சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகு விடுவதற்காக வெட்டி, 1806இல் திறந்தார்கள். அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பக்கிங்காம் என்ற பெயர் 1878இல்தான் வந்தது. எண்ணூரில் ஏற்கெனவே படகு போகிற அளவுக்குக் கழி இருந்ததால்தான் அதுவரை வெட்டினார்கள். ஆக, பிள்ளையைக் காட்டி, இதுதான் தாய் என்கிறீர்கள்.

கழி என்றால் என்ன? கொசஸ்தலை ஆறு (பழைய பேர் கொற்றலை) கடலில் சேருமுன் அகன்று பரவுகிற இடம். ஒரு கை மேற்கே ஆற்றுக்குள் போகிறது. இன்னொன்று காட்டுப்பள்ளிக்குப் பின்புறமாக வடக்கே பழவேற்காடு ஏரியை நோக்கிப் போகிறது. கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். இந்த மூச்சு நடக்கிற வரைதான் இறால் குஞ்சு கழியில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடித்துப் பறியில் (மீன் போடும் கூடை) போடுகிறவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நீங்கள் உவர் நிலம் என்று ஒதுக்குவதுதான் அவர்களுடைய வயல். சங்க இலக்கியத்தில் கடற்கரையைப் பாடும் நெய்தல் பாட்டு எதைத் திறந்தாலும் கழியும் கானலும் (கடற்கரைச் சோலை)தான் வருகிறது. நமக்குத்தான் அந்தச் சொல் கழிவு என்று காதில் விழுகிறது.

சரி, நஷ்டக் கணக்குக்கு வருவோம். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் கழியில் படியும். படியப் படிய ஆழம் குறையும், படகு தரை தட்டும். மின் நிலையத்தின் வெந்நீரும் அங்கேதான் வந்து விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து சேர்ந்தது. எந்த வழியாக? நீங்கள் சொல்கிற அதே கால்வாய் வழியாக! படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்துப் போனது. கிளிஞ்சல் பொறுக்குகிறவர்கள் கையில் தார் ஒட்டியது.

இதைக் காப்பாற்றச் சட்டம் இல்லாமல் இல்லை. 1991இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்தில் இந்தக் கழி கட்டுமானம் கூடாத பகுதி. பிற்பாடு வந்த இன்னொரு வரைபடத்தில் கழியையே காணோம். காகிதத்தில் ஆற்றுவாயை அடைத்துவிட்டால் மழையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெய்யும் என்று நினைத்தார்களோ என்னவோ.

மீனவர் விஷயம் உங்களுக்குத் தொலைவாகத் தோன்றலாம். ஆனால் ஒன்று மட்டும் கவனியுங்கள். பூண்டி ஏரி (1944இல் கட்டி முடித்தது) நிரம்பினால் உபரிநீர் கொசஸ்தலையில்தான் இறங்கும். இறங்கிய நீர் கடலுக்குப் போக எண்ணூரை விட்டால் வேறு வாசல் கிடையாது. வாசல் அகலமாக இருந்தால் வெள்ளம் அங்கே பரந்து, கடல் வற்றும் நேரம் பார்த்து வெளியேறும். அதில் சாம்பலும் மண்ணும் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் பின்னால்தான் ஏறும்.

அடுத்த மழைக்காலத்தில் பூண்டி மதகைத் திறக்கும்போது, ஆற்றோரத்தில் எந்தெந்த ஊருக்கு வெள்ள எச்சரிக்கை என்று பட்டியல் படிப்பார்கள். முழுதாகக் கேளுங்கள். மணலி புதுநகரும் அதில் இருக்கும்.