சூடான காலில் ஏன் இந்தக் குளிர்?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. சர்க்கரை வந்து 14 வருடம், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மார்கழி பிறந்தாலே சாயங்காலம் இரண்டு பாதமும் ஐஸில் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ராத்திரி எரிச்சல், குத்தல். மனைவி தொட்டுப் பார்த்து, "சூடாத்தானே இருக்கு" என்கிறாள். போன வாரம் விறகடுப்போரம் குளிர் காய்ந்ததில் கொப்புளம் வந்துவிட்டது. மறுநாள் சாக்ஸ் ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. சேலத்தில் மகள் வீட்டுக்கே இறங்கிவிடலாமா?

பதில்: ஐயா, உங்கள் மனைவி சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். தொட்டால் சூடாக இருக்கும் கால் உங்களுக்கு மட்டும் ஜில்லிடுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் நரம்பில். இடுப்பிலிருந்து பாதத்துக்குப் போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளமானது. சர்க்கரை முதலில் அரிப்பது அதன் நுனியை. சூடு, குளிர், வலியைச் சொல்லும் மெல்லிய இழைகள் கெட்டுப்போனால், இல்லாத குளிரைச் சொல்லும், இருக்கிற நெருப்பைச் சொல்லாது. உங்களுக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

அதனால் அடுப்போரம், கணப்புச் சட்டி, ஹீட்டர், வெந்நீர்ப் பை எதுவும் இனி அந்தப் பாதங்களுக்கு வேண்டாம். என் அம்மாவுக்கும் இதே நோய். துண்டு சுற்றிய வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கினார். விடிந்து பார்த்தால் குதிகாலில் தோல் வெந்து வெளுத்திருந்தது. பக்கத்து அறையில்தான் படுத்திருந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. வலித்திருந்தால்தானே! ஆற நாலு மாதம் ஆனது.

குளிரை அது வரும் முன்பே தடுக்க வேண்டும். மூடுபனி இறங்கும் முன், 4 மணிக்கே சாக்ஸ் போட்டுவிடுங்கள்: உள்ளே பருத்தி, மேலே தளர்வான கம்பளி. கணுக்காலில் இறுக்கும் எலாஸ்டிக் கூடாது. ஏற்காட்டு ஈரத்தில் சாக்ஸ் லேசில் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டால் விரலிடுக்கில் புண் வரும், நாலைந்து ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரையில் வெறுங்கால் வேண்டாம், வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. தலைக்கு மஃப்ளர், மேலுக்கு ஸ்வெட்டர். உடம்பு கதகதப்பாக இருந்தால் பாதத்துக்கும் ரத்தம் தாராளமாகப் போகும். குளிக்கிற தண்ணீரை மனைவி கைவிட்டுப் பார்க்கட்டும், இல்லையென்றால் உங்கள் முழங்கையால் பாருங்கள். காலால் பார்க்காதீர்கள்.

மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் இதே மதமதப்பைத் தரும். ரத்தப் பரிசோதனை கேளுங்கள், தைராய்டையும் சேர்த்து. எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின், காபாபென்டின் என்று மாத்திரைகள் இருக்கின்றன. சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. இவையும் கெட்ட நரம்பைச் சரி செய்யாது, ஆனால் தூக்கத்தைத் திருப்பித் தரும். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள்; பலன் தெரியச் சில வாரம் ஆகும். மயக்கம், தலைசுற்றல் வரலாம் என்பதால் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சர்க்கரையை அடக்கி வைத்தால்தான் நரம்பு மேலும் கெடுவது மட்டுப்படும்.

சேலத்துக்கு இறங்கலாம், குளிர் குறையும். ஆனால் நரம்பும் கூடவே மலை இறங்கும். சித்திரை வெயிலில் கோவில் கல்தரையை வெறுங்காலால் மிதித்தாலும் அதே கொப்புளம்தான். மகளோடு இருக்க ஆசை என்றால் போங்கள். காலுக்காக மட்டும் வீட்டைப் பூட்ட வேண்டாம்.

ஒரு கால் மட்டும் தொட்டாலே ஜில்லென்று இருந்தால், நீலமோ கறுப்போ பூத்தால், அது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது அந்தக் கொப்புளம். வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், உடைக்கவும் கூடாது. சுத்தமான துணியால் மூடி, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்வு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிப்போங்கள். தினமும் ராத்திரி உங்கள் உள்ளங்காலைப் பார்க்கப்போகிறவர் அவர்தான். எங்கே, எப்படிப் பார்ப்பது என்று நர்ஸ் அவருக்குக் காட்டிக்கொடுக்கட்டும்.